ஆச்சி உட்காராத டைனிங் டேபிள்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம். மற்றபடி பேசின மொழியை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன வாரம் பால்கனி பத்திப் பேசினோம். நிறைய பேர் உங்க பால்கனி போட்டோ அனுப்பியிருந்தீங்க. பாதி போட்டோவுல செடி இருந்தது, மீதி பாதியில காயப்போட்ட துணி. ரெண்டுமே அழகுதான். இந்த வாரம் வீட்டுக்குள்ள வருவோம். டைனிங் ரூம்.

உடனே சிலர் நினைப்பீங்க, "நாங்க இருக்கிற சிங்கிள் பெட்ரூம்ல டைனிங் ரூமா? கட்டில்ல உக்காந்து ஸ்விக்கி டப்பாவைப் பிரிச்சு சாப்பிடுறோம், எங்ககிட்ட எதுக்கு இது"ன்னு. எனக்கும் அதேதான். நான் இருக்கிற வாடகை வீட்டுல டைனிங் டேபிள்னு ஒண்ணு இருக்கு, அது மேல லேப்டாப்பும் அயர்ன் பாக்ஸும் இருக்கு. ஆனா இன்னைக்கு சொல்லப்போறது ஒரு பெரிய வீட்டு டைனிங் ரூம் கதை. நான் டிசைன் பண்ணது. கொஞ்சம் சொதப்பினதும்தான்.

போன வருஷம் ஒரு வேலை வந்தது. சென்னை ஆர்.ஏ.புரத்துல ஒரு ஃபிளாட். ஃபிளாட்னு சொன்னா சின்னதா தோணும், அது ஒரு முழு மாடி. லிஃப்ட்ல இருந்து இறங்கினா நேரா அவங்க வீட்டு வாசல்தான். வீட்டுக்காரர் நம்ம ஊர், தென்காசி. அவங்க அப்பா காலத்துல செங்கோட்டைப் பக்கம் மர அறுவை மில் வச்சிருந்தாங்க. செங்கோட்டை, பிரானூர் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், ரோட்டோரம் முழுக்க மரம் அடுக்கி வச்சிருப்பாங்க, மரத்தூள் வாசம் பஸ்ஸுக்குள்ள வரைக்கும் வரும். நானும் தென்காசின்னு சொன்ன நிமிஷத்துல வேலை எனக்குன்னு முடிவாயிடுச்சு. அன்னைல இருந்து அவர் எனக்கு அண்ணாச்சி, அவங்க மனைவி மதினி. கூட அண்ணாச்சியோட அம்மா. எழுபத்தஞ்சு வயசு இருக்கும். வீட்டுல எல்லாரும் ஆச்சின்னு கூப்பிடுறாங்க, நானும் ஆச்சின்னே கூப்பிட ஆரம்பிச்சேன்.

அந்த வீட்டுல சாப்பிடுறதுக்கு ரெண்டு இடம். தினசரிக்கு கிச்சனை ஒட்டி ஒரு கவுண்டர், உயரமான ஸ்டூல். விருந்தாளி வந்தா ஃபார்மல் டைனிங் ரூம். இருபதுக்குப் பதினாலு அடி. ஒரு கதவு ஹாலுக்கு, ஒரு கதவு கிச்சனுக்கு. அண்ணாச்சி ஒரு பட்டியலே வச்சிருந்தார். எட்டு பேர் உக்கார்ற நீள மேசை, அதுவும் அப்பா எடுத்து வச்சிருந்த தேக்குப் பலகையில. மேல சாண்ட்லியர். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கிராக்கரி யூனிட். எதிர்ச்சுவர் முழுக்க குற்றாலம் மெயின் ஃபால்ஸ்.

"ஃபோட்டோவா அண்ணாச்சி?"

"ஃபோட்டோவோ பெயிண்டிங்கோ, சாப்பிடும்போது சாரல் அடிக்கிற மாதிரி இருக்கணும்மா."

டிசைன் படிச்சவங்களுக்கு இந்த மாதிரி ரூம் ரொம்ப சுலபம். எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்கு. மேசை உயரம் முப்பது இஞ்ச். நாற்காலி சீட் பதினெட்டு இஞ்ச். ஒரு ஆளுக்கு மேசையில ரெண்டு அடி அகலம். நாற்காலிக்குப் பின்னாடி சுவர் வரைக்கும் குறைஞ்சது மூணு அடி, பரிமாறுறவங்க நடந்து போறதுக்கு. தொங்குற விளக்கு மேசைக்கு மேல முப்பது, முப்பத்தஞ்சு இஞ்ச். அதுக்குக் கீழ வந்தா எதிர்ல இருக்கறவங்க மூஞ்சி மறையும், மேல போனா கண்ணு கூசும். விளக்கு மஞ்சள் வெளிச்சம்தான் போடணும். வெள்ளை வெளிச்சத்துல சாம்பார் சோகமா தெரியும். இது நான் கண்டுபிடிச்சது இல்ல, உங்க ஆபீஸ் கேன்டீன்லயே பாத்திருப்பீங்க.

இந்த அளவெல்லாம் எங்க இருந்து வந்ததுன்னு ஒரு நிமிஷம் பாக்கலாம். தூங்க ஒரு ரூம், உக்கார ஒரு ரூம், சாப்பிட ஒரு ரூம்னு பிரிக்கிறது ஐரோப்பியப் பணக்கார வீடுகள்ல வளந்த பழக்கம். நம்ம பக்கம் அது பங்களா வழியா வந்தது. குற்றாலத்துக்கு கம்பெனிக்காரங்க 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துலயே வந்துட்டாங்க. ஜாதிக்காய், கிராம்பு, பட்டைன்னு தோட்டம் போட்டாங்க, சீசனுக்கு அருவிக்குப் பக்கத்துல பங்களாவுல வந்து தங்கினாங்க. பங்களான்னா மேசை, நாற்காலி, வெள்ளை விரிப்பு, தலைக்கு மேல பங்கா, அதை இழுக்க ஒரு ஆள். திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்கும் குற்றாலத்துல ஒரு அரண்மனை உண்டு. இன்னைக்கும் அது கேரள அரசு சொத்து. தமிழ்நாட்டுக்குள்ள கேரள அரசு கட்டடம் எப்படின்னு கேக்காதீங்க, செங்கோட்டையே 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலதான் இருந்தது, அது தனி எபிசோடுக்கான கதை.

சரி. துரைமார் வீடு அப்படி. எங்க ஆச்சி வீடு எப்படி இருந்தது? இப்ப நான் சொல்றது என் சொந்த ஆச்சி, அம்மாவைப் பெத்தவங்க. தென்காசியில கோயில் தேரோடும் தெருவுக்குப் பின்னாடி வீடு. நுழைஞ்சா தார்சா. அப்புறம் பட்டாசல். அப்புறம் ரெண்டாங்கட்டு. அதுக்குப் பின்னாடி அடுப்படி, கடைசியா புறவாசல். இதுல சாப்பிடுற ரூம் எதுன்னு கேட்டா பதிலே கிடையாது. பட்டாசல்தான். அதே பட்டாசல்ல மத்தியானம் தாத்தா படுத்திருப்பார், சாயங்காலம் நாங்க பாடம் எழுதுவோம், ராத்திரி எட்டு பேர் வரிசையா தூங்குவோம்.

விசேஷம்னா மட்டும் அது வேற ரூம் ஆயிடும். முதல்ல பெருக்கித் தண்ணி தெளிப்பாங்க. அப்புறம் பந்திப்பாய் விரிப்பாங்க. பந்திப்பாய் தெரியுமா உங்களுக்கு? படுக்கிற பாய் மாதிரி அகலம் இருக்காது. ஒண்ணே கால் அடி, ஒன்றரை அடி அகலம்தான், ஆனா நீளம் பாத்தா ரூம் முழுக்க ஓடும். சுருட்டி வச்சா ஒரு குழந்தை கட்டிப்பிடிக்கிற அளவு உருளை. அதை ஒரு தள்ளு தள்ளினா உருண்டுக்கிட்டே போய் சுவர்ல முட்டி நிக்கும். அந்தத் தள்ளு தள்ளுறதுக்கு எங்களுக்குள்ள அடிதடி. பாய்க்கு முன்னாடி இலை, நுனி இடது கைப்பக்கம். வலது பக்கம் டம்ளர். மூலையில குத்துவிளக்கு. அவ்வளவுதான் அலங்காரம். பத்து நிமிஷத்துல டைனிங் ரூம் ரெடி. சாப்பிட்டு முடிஞ்சு இலை எடுத்துத் துடைச்சு பாயைச் சுருட்டினா இன்னொரு பத்து நிமிஷத்துல ரூம் காணாமப் போயிடும்.

டிசைனரா இதை யோசிச்சா ஒரு விஷயம் பிடிபடும். தரையில உக்கார்றவங்களுக்குக் கண்ணு தரையில இருந்து ரெண்டரை அடி உயரத்துல இருக்கும். பார்வை இலையில. அதனால தரைக்கு முக்கியத்துவம். செட்டிநாட்டு வீடுகள்ல பாருங்க, பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலிப் பளிங்குன்னு இறக்கின வீடுகள். விருந்துக்குன்னே நீளமான கூடம் தனியா உண்டு. ஆனா அங்கயும் வரிசையா தரையிலதான் பந்தி. அதனாலதான் ஆத்தங்குடிக் கல்லுல பூப்போட்ட தரை அவ்வளவு அழகு, சுவரோட கீழ்ப்பகுதியில வண்ண ஓடு பதிச்சிருக்கு. சாண்ட்லியர் எல்லாம் முன்னாடி வர்ற விருந்தாளிக்கு. சாப்பிடுறவன் எங்க அண்ணாந்து பாக்கப்போறான்?

நான் அண்ணாச்சி வீட்டுக்குத் திரும்பி வரேன். அந்தச் சுவர் விஷயம். எனக்கு அருவி ஃபோட்டோ பிடிக்கல. ரெசிடென்சியல் லாட்ஜ் ரிசப்ஷன் மாதிரி ஆயிடும்னு பயம். அதனால நான் ஒரு ஐடியா சொன்னேன். குற்றாலத்துலயே சித்திர சபை இருக்கு. நடராஜரோட ஐந்து சபைகள்ல ஒண்ணு. மத்த சபைகள்ல சாமி சிலையா நிப்பார், இங்க சித்திரமா இருக்கார். மெயின் ஃபால்ஸ் பக்கத்துல இருக்கிற குற்றாலநாதர் கோயில்ல இருந்து கொஞ்சம் தள்ளி, தெப்பக்குளத்துக்கு எதிர்ல தனிக் கட்டடம். உள்ள சுவர் முழுக்க மூலிகை வண்ண ஓவியங்கள். அருவியில குளிச்சிட்டு பரோட்டா சாப்பிட ஓடுறவங்கள்ல பாதி பேர் அங்க போறதே இல்ல. அந்த மஞ்சள், காவி, பச்சை வண்ணங்கள எடுத்து, அந்தப் பாணியில ஒரு சுவர் பண்ணலாம்னு மூட்போர்டு போட்டுக் காட்டினேன். அண்ணாச்சிக்கும் மதினிக்கும் பிடிச்சுப்போச்சு. நான் உள்ளுக்குள்ள ஒரு அவார்டே வாங்கிட்டேன்.

ஆச்சி ஐபேடை வாங்கி ஒரு நிமிஷம் பாத்தாங்க.

"சாமிக்கு எதிர்த்தாப்புல எச்சி எலையப் போட்டு உக்காரவா?"

அவ்வளவுதான். மூட்போர்டு முடிஞ்சது. எனக்கு வாய் திறக்க முடியல, ஏன்னா அது நியாயமான கேள்வி. எச்சில்ங்கிறது நம்ம வீட்டுல ஒரு எல்லைக்கோடு. எந்தப் பாத்திரம் எங்க போகலாம், எந்தக் கையால எதைத் தொடலாம்னு ஒரு பெரிய வரைபடமே அதை வச்சுத்தான். ஐரோப்பிய டைனிங் ரூம்ல எச்சில்னு ஒரு சிந்தனையே இல்ல, அதனால அந்த ரூம்ல குடும்பப் படம், பழப் படம், வேட்டைப் படம்னு எதை வேணா மாட்டலாம்.

"அருவி படம் ஓகேவா ஆச்சி?"

"அது இருக்கட்டும். குளிச்சிட்டுத்தானே சாப்பிடணும்."

அருவியே வந்தது. சாதா பிரிண்ட் இல்லாம, சாம்பல் நிறத்துல கோட்டோவியமா வரைய வச்சேன். மேல பொங்குமாங்கடல், அதுல விழுந்து பொங்கி வழியிற தண்ணி. நல்லா வந்தது. இதை நான் பெருமையா சொல்லிக்கலாம்.

வேலை முடிஞ்சு பால் காய்ச்சி, பத்து நாள் கழிச்சு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாங்க. சொதி. திருநெல்வேலிப் பக்கத்துல கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்து, தேங்காய்ப்பால்ல. தொட்டுக்க இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கும். கல்யாணம் இல்லாமலே எனக்கு மறுவீட்டு மரியாதை. எட்டு நாற்காலியும் நிரம்பியாச்சு. அண்ணாச்சி, மதினி, பிள்ளைங்க ரெண்டு பேர், அண்ணாச்சியோட தம்பி குடும்பம் மூணு பேர், நான். ஒவ்வொரு இலையும் சரியா விளக்குக்குக் கீழ. நான் போட்ட அளவெல்லாம் அப்படியே வேலை செஞ்சது.

அந்த மூணு அடி இருக்கே, நாற்காலிக்குப் பின்னாடி பரிமாறுறவங்க நடக்கிறதுக்கு? அந்த மூணு அடியில நடந்துக்கிட்டு இருந்தது ஆச்சி.

சமையல் பண்ற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. அவங்க அடுப்புல. ஆச்சி கையில சொதிப் பாத்திரம். முட்டி வலி வேற, ஒரு கையால நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டே வர்றாங்க. நான் எந்திரிச்சேன். "நீ உக்காரு பிள்ளே, வெளிய இருந்து வந்திருக்க." அண்ணாச்சி சொன்னார், "அம்மா உக்கார மாட்டாங்கம்மா, சொல்லிச் சொல்லிப் பாத்தாச்சு." எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் நான் தண்ணி குடிக்கிற சாக்குல கிச்சனுக்குப் போனேன். ஆச்சி ஒரு குட்டி மணையில கிச்சன் மேடை ஓரமா உக்காந்து தட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. சமையல் அக்கா அதுக்கும் பின்னாடி, யுட்டிலிட்டியில, வாஷிங் மெஷின் பக்கத்துல கவுத்து வச்ச வாளி மேல.

அந்த யுட்டிலிட்டி ஐந்துக்கு நாலு அடி. வரைஞ்சது நான்தான். அதுல மெஷினுக்கு இடம், மாப்புக்கு இடம், சிலிண்டருக்கு இடம் எல்லாம் குறிச்சிருந்தேன். ஒரு ஆள் உக்கார்றதுக்கு இடம் குறிக்கல.

முதல்ல நான் என்ன நினைச்சேன்னா, ஆச்சிக்கு நாற்காலி பழக்கமில்ல, அதான் பிரச்னைன்னு. இது எங்க தொழில்ல இருக்கிற வியாதி, எல்லாத்துக்கும் ஒரு ஃபர்னிச்சர் இருக்கும்னு நினைப்போம். ரூம்ல ஜன்னலோரமா இடம் இருந்தது. அங்க எட்டு இஞ்ச் உயரத்துல ஒரு மரமேடை, அதுல பத்தமடைப் பாய், சாய்ஞ்சுக்க ஒரு திண்டு. பாரம்பரியமாவும் இருக்கும், ஆச்சிக்கும் வசதி. பாய் வாங்க நானே பத்தமடைக்குப் போனேன். தாமிரபரணிக் கரையோரக் கோரையை ஊறவச்சு, கிழிச்சு, நெய்யிற பாய். நைஸான பாய் நெய்ய மாசக்கணக்காகும், துணி மாதிரி மடிக்கலாம். நெய்யிறவங்க பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள். நம்ம பக்கத்து இந்துக் கல்யாணங்களுக்குப் பேர் போட்ட பாய் அவங்க கையிலதான் வருது.

பத்தமடைக்கு அடுத்தது சேரன்மாதேவி. பஸ்ல அந்தப் போர்டைப் பாத்ததும் எனக்கு எங்கயோ படிச்சது ஞாபகம் வந்தது. வ.வே.சு. ஐயர் 1922ல அங்க ஒரு குருகுலம் நடத்தினார். நாட்டுக்கு உழைக்கிற பிள்ளைகளை உருவாக்கணும்னு ஆரம்பிச்சது, காங்கிரஸ் பணம் கொடுத்தது. அங்க பிராமணப் பையன்களுக்குத் தனியா சாப்பாடு. விஷயம் வெளிய வந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடல. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும், இல்லன்னா பணம் கிடையாதுன்னு சண்டை. பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துட்டேன்னு ஐயர் தரப்பு. அந்தச் சண்டையிலயே தமிழ்நாடு காங்கிரஸ் ரெண்டா நின்னுச்சு. 1925 ஜூன்ல பாபநாசம் அருவிக்கு மேல கல்யாண தீர்த்தத்துல, தண்ணியில விழுந்த மகளைக் காப்பாத்தப் போய் ஐயர் இறந்துபோனார். அதே வருஷம் நவம்பர்ல காஞ்சிபுரம் மாநாட்டுல பெரியார் காங்கிரஸை விட்டு வெளிய வந்தார். அதுக்கு உடனடிக் காரணம் வகுப்புவாரித் தீர்மானம்தான். ஆனா இந்தச் சாப்பாட்டுக்கூடத்துச் சண்டையை விட்டுட்டு அந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

நான் பாயைச் சுருட்டி மடியில வச்சுக்கிட்டு இதை யோசிச்சேன். அப்ப எங்க ஆச்சி வீட்டுப் புறவாசல் ஞாபகம் வந்தது. தேங்காய் பறிக்க வர்றவர் அங்கதான் சாப்பிடுவார். அவருக்குன்னு ஒரு அலுமினிய டம்ளர், சுவர்ல ஒரு ஆணியில தொங்கும். இலையில அதே சொதி, அதே துவையல், ஒரு கரண்டிகூடக் குறையாது. எங்க ஆச்சி அதுல ரொம்பக் கறார். நானே எத்தனையோ தடவை கொண்டுபோய் வச்சிருக்கேன். பந்திப்பாயைப் பத்தி அவ்வளவு ரசிச்சு உங்ககிட்ட சொன்னேன் இல்ல? அந்தப் பாய் எந்தச் சுவர்ல முட்டி நிக்குதோ, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அந்த ஆணி.

மேடை ரெடி, பாய் விரிச்சாச்சு. ஆச்சியைக் கூட்டிக்கிட்டு வந்தேன். தடவிப் பாத்தாங்க. "நல்ல பாயி. எம்புட்டு ஆச்சு?" சொன்னேன். "ஆத்தி"ன்னாங்க. அப்புறம் உக்காந்தும் பாத்தாங்க.

"வசதியா இருக்கா ஆச்சி?"

"வசதியாத்தான் இருக்கு. நான் இங்க உக்காந்துட்டா யாரு எந்திரிச்சு வந்து சோறு வைக்கிறது?"

கிண்டலா சொல்லல, வருத்தமாவும் சொல்லல. பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்கிற மாதிரி கேட்டாங்க. இப்ப அந்த மேடையில பேரப்பிள்ளைங்க வீடியோ கேம் விளையாடுறாங்க.

அதுக்கப்புறம்தான் எனக்கு மண்டையில ஏறினது. நீள மேசைக்கு ஒரு தலைமாடு இருக்கு, அங்க அண்ணாச்சி. ஒரு கால்மாடு இருக்கு, அது கிச்சன் கதவுப் பக்கம். அந்தப் பக்கம் உக்கார்றவங்க எந்திரிச்சுக்கிட்டேதான் இருக்கணும். பந்திக்கும் அதே கணக்குதான். வரிசையா உக்கார்ற எந்த அமைப்புக்கும் எதிர்ல நின்னு போடுற ஒரு ஆள் வேணும். தரையோ தேக்கோ, வித்தியாசம் கிடையாது.

நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் ஞாபகம் வந்தார். ரசிகமணி டி.கே.சி. தென்காசிக்காரர், 1882ல பிறந்தவர், வக்கீலுக்குப் படிச்சவர், அறநிலையத் துறை கமிஷனரா இருந்தவர். கடைசிக் காலம் குற்றாலத்துல, 1954ல இறந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி குற்றாலம் வருவாங்க. கம்பராமாயணத்துக்கு எவ்வளவு பேர் போனவரோ, அவ்வளவு பேர் போனவர் விருந்துக்கும். அதுக்கு முன்னாடி திருநெல்வேலியில இருந்தப்ப அவர் வீட்டுல நடந்த இலக்கியக் கூட்டத்துக்குப் பேரு வட்டத்தொட்டி. வீட்டு நடுவுல இருக்கிற தொட்டிக்கட்டு, அதுல வட்டமா உக்காந்து பேச்சு. மேடை கிடையாது, மைக் கிடையாது. எனக்கு அந்தப் பேருல இருக்கிற வட்டம் பிடிச்சுப்போச்சு. அவ்வளவுதான் தொடர்பு, பெருசா ஆராய்ச்சி எல்லாம் இல்ல.

அண்ணாச்சிகிட்ட போய், மேசையை மாத்தணும்னு சொன்னேன். முடிச்சுப் பில் வாங்கின வேலையில டிசைனரே வந்து தப்புன்னு சொல்றது எங்க தொழில்ல நடக்காத விஷயம். ஆறு அடி குறுக்களவுல வட்ட மேசை. சுத்தளவு பத்தொன்பது அடி கிட்ட வரும், எட்டு பேருக்கு ஆளுக்கு ரெண்டே கால் அடிக்கு மேலேயே கிடைக்கும், கொஞ்சம் நெருங்கினா ஒன்பது. நடுவுல சுத்துற தட்டு, சைனீஸ் ஹோட்டல்ல இருக்குமே, அது. சாதம், சொதி, துவையல் எல்லாம் அதுல. அவங்கவங்க சுத்தி எடுத்துப் போட்டுக்கணும். யாரும் நிக்க வேண்டாம்.

அண்ணாச்சி ரொம்ப நேரம் பேசல. "அப்பா எடுத்து வச்ச பலகைம்மா அது. எட்டடி, ஒட்டில்லாதது." அது எனக்கும் தெரியும். அந்த நீளத்துல ஒட்டில்லாத தேக்குப் பலகை இன்னைக்குக் கிடைக்கிறது கஷ்டம். அதை வட்டமா அறுக்கச் சொல்றது பாவம். மதினிதான் சொன்னாங்க, "மாமா மில்லுல அத்தை ஒரு நாளாவது உக்காந்து சாப்பிட்டிருக்காங்களான்னு கேளுங்க." அண்ணாச்சி எந்திரிச்சு பால்கனிக்குப் போயிட்டார். ஒரு வாரம் கழிச்சு போன். பலகையை அறுக்கல. அப்படியே சுவரோரமா அருவிக்குக் கீழ நீளமா பரிமாறுற மேசையா போட்டோம். வட்ட மேசை புதுசா பண்ணோம், வேங்கையில. கிராக்கரி யூனிட்ல பாதியைக் கழட்டினோம், அண்ணாச்சி அந்தக் கண்ணாடிக்குக் கொடுத்த காசை இன்னும் சொல்லிக் காட்டுவார். சாண்ட்லியர் மட்டும் அப்படியே இருக்கு. வட்டத்துக்கு அதுதான் பொருத்தம், நியாயமா முதல்லயே அங்க வட்டம்தான் போட்டிருக்கணும்.

இப்ப ஆச்சி உக்கார்றாங்களா? மத்தியானம் உக்கார்றாங்க. சுத்துற தட்டு அவங்களுக்கு ஒரு விளையாட்டு ஆயிடுச்சு, யாருக்கு என்ன வேணும்னு பாத்து உக்காந்த இடத்துல இருந்தே சுத்தி விடுறாங்க. பேரன் கை நீட்டின நேரத்துல தட்டு நகர்ந்து அவன் ரசத்துல கைவச்ச கதையும் நடந்தது. ராத்திரி கிடையாது. ராத்திரி அந்த வீட்டுல தோசை. போன தடவை போனப்ப ஆச்சியே சொன்னாங்க, "எல்லாஞ் சரிதான் பிள்ளே, முறுவலா ஒரு தோசைய அந்தத் தட்டுல வச்சுச் சுத்தினா வந்து சேருறதுக்குள்ள செத்துப்போகும்." அதுக்கு என்கிட்ட டிசைன் இல்ல. தோசைன்னா ஒருத்தர் கல்லு முன்னாடி நின்னாகணும். இப்ப அண்ணாச்சி வாரத்துக்கு ரெண்டு நாள் நிக்கிறார்னு மதினி சொல்றாங்க. ஓட்டை ஓட்டையா வருதாம், வட்டமா வரலையாம்.

சமையல் அக்கா விஷயம் இன்னும் முடியல. யுட்டிலிட்டியில மெஷினை ஒரு அடி தள்ளி, சுவர்ல மடக்கி வைக்கிற பலகையும் ஒரு நல்ல ஸ்டூலும் போட்டேன். மதினி அதைப் பாத்துட்டு, "இங்க எதுக்கு? கவுண்டர்ல உக்காரட்டுமே"ன்னாங்க. மனசாரத்தான் சொன்னாங்க. அக்காகிட்ட கேட்டேன். "உள்ள வேண்டாம் பாப்பா. இங்கதான் காத்து வருது, போன் பேசலாம்." காத்து வருதுங்கிறது உண்மை, நானே நின்னு பாத்தேன். அது மட்டும்தான் காரணமான்னு எனக்குத் தெரியல, அக்கா சொல்லவும் இல்ல. நான் திரும்பிக் கேக்கல.

நடுவுல ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். தென்காசிப் பக்கத்துல அலங்காரமே இல்லாத நல்ல சாப்பாட்டு இடம் எதுன்னா, பிரானூர் பார்டர்ல ரஹ்மத் கடை. சீசன் நேரத்துல நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே நாற்காலிக்குப் பின்னாடி அடுத்த ஆள் வந்து நிப்பார், நாற்காலி முதுகுல கையும் வச்சிருப்பார். காரோ பைக்கோ லாரியோ, எதுல வந்தவரா இருந்தாலும் எந்த இலை காலியோ அங்கதான். அங்க எனக்கு எதிர் இலையில இருந்த ஒருத்தர், முன்னப்பின்ன தெரியாதவர், "சால்னா இன்னும் கொஞ்சம் ஊத்திக்கிடுங்க"ன்னு பாத்திரத்தை என் பக்கம் தள்ளினார்.

இந்த வாரத்துக்கு இவ்வளவுதான் மக்களே. வட்ட மேசை அளவு, விளக்கு உயரம், பந்திப்பாய் எங்க நெய்து வாங்கலாம், இதெல்லாம் எபிசோட் பக்கத்துல கீழ போட்டிருக்கோம். உங்க வீட்டுல யுட்டிலிட்டி வரையிறதுக்கு முன்னாடி அங்க யாராவது உக்காந்து சாப்பிடுறாங்களான்னு பாத்துட்டு, ஆமான்னா மெஷினை இடது சுவருக்குத் தள்ளுங்க. கதவு திறக்கிற பக்கம் முட்டாது. அடுத்த வாரம் அடுப்பு மேடை உயரம். முப்பத்திரண்டு இஞ்சா முப்பத்தாறா, யாரோட உயரத்துக்குன்னு பேசலாம். வரட்டுமா.